எனக்கு மட்டும் ஏன் 'ஆர்'?

உன் மனைவி இன்று துவாரகாவில் என் வீட்டுக்கு வந்து ஒரு ஃபைலைக் கொடுத்துவிட்டுப் போனாள். ஓரமெல்லாம் ஓட்டை போட்ட பிரிண்டர் தாள். ரிப்பன் மை வாசனை இன்னும் போகவில்லை. "அவர் போனப்புறம் அலமாரியை ஒழிச்சேன், இது இருந்துதுண்ணா. உங்க பேரு இருக்கு, நீங்களே வெச்சுக்குங்க" என்றாள். படித்ததிலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை, போ.

கரோல் பாக் மாடி அறையில் நாம் சேர்ந்திருந்தபோது, கம்ப்யூட்டரைத் துப்பறியும் கதை எழுதவைக்கிறேன் என்று கிளம்பினாய். ஆள், இடம், ஆயுதம் எல்லாம் நீ பட்டியல் போட்டுக் கொடுப்பாய். கொலைகாரரை அது சீட்டுக் குலுக்கி எடுக்கும். தமிழ்தான் காட்டிக்கொடுத்தது. "கொலை பண்ணின ஆள் கதவைத் திறந்தான்னா ஆம்பளைன்னு தெரிஞ்சுடுது, திறந்தாள்னா பொம்பளை. பெரிய ரோதனைடா!" என்று தலையில் அடித்துக்கொண்டாய். ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, கொலைகாரர் யாரோ அவருக்கு மட்டும் 'திறந்தார்' என்று பொதுவாக 'ஆர்' போடச் சொன்னாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்களைக் கூப்பிட்டு முதல் கதையை வாசித்தாய். "டைரக்டர் மேத்தா வந்தான். அவன் மனைவி வந்தாள். பால்காரன் ராம்லால் வந்தார்."

"பால்காரன்தான் கொன்னான்!" என்று கத்திவிட்டுச் சிரித்தேன். "பின்ன அவனுக்கு மட்டும் எதுக்குடா இவ்வளவு மரியாதை?"

எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். "அச்சா, சரி பண்ணிடறேன்" என்று தாளை மடித்தாய். அப்புறம் எனக்கு ஒரு கதையும் காட்டவில்லை. மூன்று மாதத்தில் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனாய். ஏன் என்று நான் கேட்கவே இல்லை. பாழாய்ப்போன வாய்.

இன்று வந்த ஃபைலில் இருப்பதும் ஒரு கதைதான்; அதிலும் அதே மாடி அறை. ஒரு பிணம், ஐந்து பேர். நான்கு பேர் வந்தான், போனாள்தான். ஐந்தாவது ஆள் என் பெயரில், என் சோடாபுட்டிக் கண்ணாடியோடு நிற்கிறது. 'அவர் சிரித்தார்.' அதோடு தாள் முடிகிறது. கடைசிப் பக்கம் ஃபைலில் இல்லை.

கம்ப்யூட்டர் குலுக்கியதில் என் பெயர் தானாக விழுந்ததா? நீயே உட்கார்ந்து என்னை எடுத்தாயா? இல்லை, பேச்சு விட்டுப்போன ஆளுக்கு வெறும் மரியாதைதானா? உன் மனைவிக்குப் போன் போட்டேன். "அவருக்கு அது விளையாட்டுண்ணா" என்கிறாள். விளையாட்டு என்றால் ஏன் பத்திரப்படுத்தினாய்?

பேனாவை எடுத்து அந்த 'ஆரை' அடித்துவிட்டு 'சிரித்தான்' என்று எழுதப் போனேன். எழுதினால் நான் கொலைகாரன் இல்லை. மறுபடி உன் வாடா போடா ஆள். கை வரவில்லையடா. அன்று உன் கதையைக் கேட்டு முதலில் சிரித்தது நான்தானே.