மகோவாவின் சுருதி

அன்புள்ள அம்மாவுக்கு,

பிலிப்போ வணங்கி எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? நம் தீவில், ஹிலோவில், மழை விட்டதா?

இங்கே லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு ராக் அண்ட் ரோல் பாட்டின் ஒலிப்பதிவுக்குக் கிட்டார் வாசித்தேன். நம் ஊர் அலைபோல இழைய வேண்டும் என்றார்கள். கம்பிகளை ஏற்றி இறக்கித் தேடியபோது, தம்பி மகோவா எனக்குக்கூடச் சொல்லாமல் வைத்திருந்த சுருதி தானாக வந்து நின்றது. கடல் கொண்டுபோன அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல் இருந்தது. வாசித்து முடித்ததும், பிறர் அந்தச் சுருதியைக் கண்டுபிடித்துவிடாமல் இருக்க, நம் வீட்டு வழக்கப்படி கம்பிகளைத் தளர்த்திவிட்டேன்.

“அண்ணே, நடுவுல எனக்கு இருமல் வந்துடுச்சு. பதிவு பண்ணினதை அழிச்சாச்சு, இன்னொரு தடவை வாசிங்க,” என்றான் பாடகன். “என்ன, கம்பியெல்லாம் தொங்குது? யாராவது திருடிட்டுப் போயிடுவாங்கன்னு பயமா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுபடி எவ்வளவு தேடியும் அது வரவில்லை. வேறு சுருதியில் வாசித்தேன். நன்றாக இருக்கிறதாம்.

வானொலியில் வந்தால் கேளுங்கள். காய்ந்த மீன் கொஞ்சம் அனுப்புங்கள். மகோவாவின் கிட்டாரை யாரும் தொட வேண்டாம். அவனும் எப்போதும் தளர்த்தித்தான் வைப்பான், தெரியும். இருந்தாலும் கம்பிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்து எழுதுங்கள்.

பேருந்து வந்துவிட்டது.

உங்கள் பிலிப்போ