கிளைப்பெடாவில் ஒரு மணி நேரம்

கிளைப்பெடா
6 ஜூன் 2004

அன்பு அம்மாவுக்கு, உன் வைவா எழுதுவது.

இந்தக் கோடையில் நடப்பது எல்லாவற்றையும் உண்மையாகவே உனக்கு எழுதுவதென்று முடிவு செய்திருக்கிறேன். எனக்கு வெட்கம் தருவதையும் மறைக்க மாட்டேன். ஒரு விதியும் வைத்திருக்கிறேன்: என் கண்ணால் பார்க்காத எதையும் எழுதக் கூடாது.

பார்த்தது இது. அப்பாவுக்குக் கௌனஸில் ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் வேலை கிடைத்துவிட்டது. ஆகஸ்ட் கடைசியில் போகிறார். நானும் அவரோடு போய் அங்கே பள்ளியில் சேரலாம், அல்லது அக்டோபரில் நீ வரும்வரை இங்கே இர்மா அத்தை வீட்டில் இருக்கலாம். "நீயே யோசிச்சுச் சொல்லு" என்றார். நேற்று பீட்ரூட் சூப் குடிக்கும்போது அத்தை உன் பேச்சை எடுத்தாள். அப்பா கரண்டியை வைத்துவிட்டு, "அவளுக்கு என்ன? கப்பல்ல வேலைன்னு சம்பளமும் கொடுத்து ஊரையும் சுத்திக் காட்டுறாங்க. அக்டோபர்ல இறங்குவான்னு நினைக்கிறியா? இன்னொரு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டா இன்னொரு கடல்" என்றார். அத்தை, "பொண்ணு முன்னாடி பேசுற பேச்சாடா இது?" என்று அதட்டினாள். அப்பா மறுபடி கரண்டியை எடுக்கவில்லை.

அம்மா, அக்டோபரில் வந்துவிடுவாய்தானே? போனில் கேட்கலாம் என்றால், அப்பா "ம்", "சரி" என்று சொல்லி என் கையில் கொடுப்பதற்குள் உன் போன் அட்டையில் காசு தீர்ந்துபோகிறது.

விடுமுறைக்குப் பால்டிக் கடல் துறைமுகங்களைப் பற்றி எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பில் எல்லாரும் புத்தகத்தைப் பார்த்து எழுதுவார்கள். எனக்கு நீ இருக்கிறாய். நீ போகும் ஊர்களைப் பற்றி எழுது. என்ன வாசனை, எந்தக் கல், மக்கள் எதற்குச் சிரிக்கிறார்கள், எல்லாமும் வேண்டும்.

முத்தங்களுடன்,
வைவா

*

கோபன்ஹேகனை விட்டுப் புறப்பட்டபின்
17 ஜூன்

என் கண்ணே வைவா,

உன் கடிதத்தைக் கப்பல் முகவர் மேலே கொண்டுவந்து கொடுத்தார். பயணிகளின் குளியல் துண்டுகளை மடித்துக்கொண்டே படித்தேன். அறைக்கு ஒரு துண்டை அன்னம் போல மடித்து வைக்க வேண்டும். உன் கடிதம் படித்த நாளில் என் அன்னங்களுக்கெல்லாம் கழுத்து கோணிவிட்டது.

சரி, உன் பாடத்துக்கு வருகிறேன். கோபன்ஹேகனில் கடல்கன்னிச் சிலையைப் பார்த்தேன். நடுக்கடலில், கலங்கரை விளக்கம் உயரத்துக்கு நிற்கிறாள். ஸ்டாக்ஹோமில் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் மூழ்கிக்கிடந்த ஒரு மரக்கப்பலை எடுத்துத் துறைமுகத்துத் தண்ணீரில் மிதக்க விட்டிருக்கிறார்கள். அதில் ஏறிக்கூடப் பார்க்கலாம். ஊர் முழுக்க ஏலக்காய் ரொட்டி வாசனை.

என் அறைத்தோழி ரொவேனா பிலிப்பைன்ஸ்காரி. விடாமல் பேசுவாள். கப்பலில் நேரத்தைக்கூட கேப்டன்தான் முடிவு செய்வார். அவர் அறிவித்தால்தான் கடிகாரத்தைத் திருப்புவோம். "இங்க சூரியன்கூட அவர்கிட்ட அனுமதி வாங்கிட்டுத்தான் உதிக்கணும்டி" என்பாள் ரொவேனா.

அப்பா சொல்வதை மனதில் வைக்காதே. களைத்துப்போயிருக்கிறார். இர்மாவுக்கு என் அன்பு. காலையில் வெறும் வயிற்றோடு நூலகத்துக்கு ஓடாதே.

உன் அம்மா

*

கிளைப்பெடா
29 ஜூன்

அன்பு அம்மா,

உண்மையாக எழுதுவேன் என்று சொன்னதால் இதையும் எழுதுகிறேன். எழுதப் பிடிக்கவில்லை.

நூலகத்தில் பெரிய படப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். கோபன்ஹேகன் கடல்கன்னி கலங்கரை விளக்கம் உயரமில்லை. கரையோரம் ஒரு பாறைமேல் உட்கார்ந்திருக்கிறாள். நான் உட்கார்ந்தால் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான். ஸ்டாக்ஹோமின் மரக்கப்பல் தண்ணீரில் மிதக்கவில்லை. ஒரு கட்டடத்துக்குள் காய்ந்த தரையில் நிற்கிறது. யாரையும் ஏற விடுவதில்லை. புத்தகம் பழையதோ என்று வேறு இரண்டு புத்தகங்களையும் பார்த்தேன். அவையும் அதையேதான் சொல்கின்றன.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பார்த்தவள் எப்படித் தவறாகச் சொல்ல முடியும்? நீ அங்கே போகவே இல்லையா? போகவில்லை என்றால் அந்த நேரத்தில் எங்கே இருந்தாய்? அப்பாவிடம் கேட்கலாம் என்று வாய்வரை வந்தது. கேட்டால் அவர் சொல்வது சரியாகிவிடுமோ என்று பயந்து மூடிக்கொண்டேன். அக்டோபர் பற்றியும் நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. படித்த வரிகளைவிட நீ எழுதாத வரியைத்தான் அதிகம் படித்துக்கொண்டிருக்கிறேன்.

துறைமுகப் பலகையில் உன் கப்பலின் பெயரைப் பார்த்தேன். ஜூலை 24, சனிக்கிழமை இங்கே வருகிறது. நீ அதைக்கூட எனக்குச் சொல்லவில்லை.

வைவா

*

கப்பலில்
9 ஜூலை

என் வைவா,

நீ சொல்வது சரி. நான் கோபன்ஹேகனைப் பார்க்கவில்லை, ஸ்டாக்ஹோமையும் பார்க்கவில்லை. ஹெல்சிங்கியில்கூட இறங்கவில்லை. நான் இருப்பது தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறை. எந்த ஊர் வந்தாலும் எனக்குத் தெரிவது கயிறு இழுக்கும் சத்தம்தான். உனக்கு எழுதியதெல்லாம் ரொவேனா வந்து சொன்னவை. அவள் எதையும் பெரிதாக்கித்தான் சொல்வாள். உன் பாடத்தில் ஒரு பக்கம் காலியாக இருக்குமே என்று எழுதிவிட்டேன்.

ஏன் இறங்கவில்லை என்று கேட்பாய். கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போதும், தீ, விபத்து என்று வந்தால் உதவ ஊழியர்களில் ஒரு பகுதி கப்பலிலேயே இருந்தாக வேண்டும். முறை வைத்திருக்கிறார்கள். 24ஆம் தேதி முறை என்னுடையது. அதை மாற்றிக்கொள்ள ஒருத்தி வேண்டும், அன்றைய என் அறைகளைச் சுத்தம் செய்யவும் ஆள் வேண்டும். யார் சும்மா செய்வார்கள்? ஒருத்திக்குக் கோபன்ஹேகன் வேண்டுமாம். இன்னொருத்திக்கு ஹெல்சிங்கி. ரொவேனாவுக்கு ஸ்டாக்ஹோம். அவர்களுடைய முறையில் நான் உள்ளே இருந்தேன். "ஒரே ஒரு ஊருக்காக இத்தனை ஊரை வித்துட்டியேடி, பைத்தியக்காரி! அப்படி என்னதான் இருக்கு அந்த ஊர்ல?" என்று சிரித்தாள் ரொவேனா.

கடைசி நேரத்தில் மேற்பார்வையாளர் மறுத்துவிடுவாரோ என்றுதான் உனக்கு முன்னமே சொல்லவில்லை. இப்போது சரி என்றுவிட்டார். ஆனால் ஒரே ஒரு மணி நேரம். நான் இரண்டு மணிக்கு இறங்குவேன். மூன்று மணிக்கு ஏறிவிட வேண்டும், ஒரு நிமிடம் தாமதித்தாலும் வேலை போய்விடும். துறைமுகக் கூடத்தின் வாசலில் நில். அக்டோபர் பற்றி எழுத்தில் சொல்ல எனக்கு வரவில்லை. நேரில் சொல்கிறேன்.

உன் அம்மா

*

துறைமுகக் கூடம், கிளைப்பெடா
24 ஜூலை

அம்மா,

இதை அந்தக் கூடத்தின் மர இருக்கையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கப்பல் போய்விட்டது. நடந்ததை வரிசையாக எழுதினால் எனக்கே புரியுமோ என்று பார்க்கிறேன்.

நான் இரண்டு மணிக்கு முன்பே வாசலில் நின்றேன். நீ வாங்கித் தந்த நீல உடையைப் போட்டிருந்தேன். உனக்காகப் புகையில் வாட்டிய மீன் ஒன்றைக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தேன். பயணிகள் வந்தார்கள், போனார்கள். நீ வரவில்லை. மூன்று மணி அடித்தது. நீ ஏறியாக வேண்டிய நேரம். இறங்கவே இல்லை, ஆகவே இனி வரமாட்டாய் என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. நான் அழவில்லை என்று எழுத நினைத்தேன், ஆனால் அழுதேன்.

பாலத்தைத் தாண்டி நடந்தேன். கௌனஸ் பள்ளியில் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கும் என்றெல்லாம் யோசித்தேன். ஐஸ்கிரீம் வண்டியருகே கப்பல் பயணிகள் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வயதான ஜெர்மன் தம்பதி; பள்ளியில் படித்த ஜெர்மன் எனக்குப் போதுமாக இருந்தது.

"இந்த ஊர்க் கோபுரக் கடிகாரம் கெட்டுப்போச்சு. பாரு, நாலு ஆகப்போகுதாம்!"

"கெட்டது உங்க மூளை. இங்க நம்மளைவிட ஒரு மணி நேரம் கூடுதல். ஒரு நாளுக்காக மாத்த வேண்டாம், கப்பல் நேரமே போதும்னு கேப்டன் காலையில சொன்னாரே, தூங்கிட்டிருந்தீங்களா?"

அம்மா, உன் இரண்டு மணி எங்கள் மூன்று மணி. நீ எந்த ஊரிலும் இறங்காததால், கரைக்கென்று வேறு நேரம் இருக்கும் என்பதே உனக்கு மறந்துபோயிருக்கும். நானாவது யோசித்திருக்க வேண்டும். நேர மண்டலப் பாடத்தில் முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.

ஓடினேன். மீன் எங்கே விழுந்ததென்று தெரியவில்லை. கூடத்துக்கு வந்தபோது நாலு அடித்து முடிந்துவிட்டது. வாசலில் காவலர் மட்டும் நின்றார்; சட்டையில் யூர்கிஸ் என்று பெயர்.

"நீதான் வைவாவா?" என்றார். "ஏம்மா, இப்பத்தான் போனாங்க. ஒரு மணி நேரமா இந்தத் தூண்கிட்டயே நின்னாங்க. நீல உடை எது போனாலும் எட்டிப் பாத்தாங்க. நான்தான் கேட்டேன், உங்க கடிகாரம் ஏன் ஒரு மணி நேரம் பின்னாடி இருக்குன்னு. அப்படியே உக்காந்துட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கடிகாரத்தைக் கழட்டி நம்ம நேரத்துக்குத் திருப்பி வெச்சாங்க. 'இனி இதை மாத்த மாட்டேன்'னு சொன்னாங்க. நான் சொன்னேன், 'அப்படின்னா கப்பல்ல எல்லா வேலைக்கும் ஒரு மணி நேரம் முன்னாடியே போய் நிப்பீங்களே'ன்னு. சிரிச்சாங்க. சிரிச்சாங்கன்னுதான் நினைக்கிறேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாங்க."

"அக்டோபர் பத்தி ஏதாவது சொன்னாங்களா?"

"அக்டோபரா? இல்லையேம்மா."

கப்பல் திரும்பும்வரை கரையில் நின்று கையசைத்தேன். மேல்தளங்களில் நிறையப் பேர் பதிலுக்குக் கையசைத்தார்கள். அவர்களில் நீ இருந்தாயா என்று எனக்குத் தெரியாது. உனக்குத்தான் ஜன்னல் இல்லையே.

கண்ணால் பார்க்காததை எழுத மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். இன்று அந்த விதியை உடைத்துவிட்டேன். நீ தூண் அருகே நின்றதை நான் பார்க்கவில்லை. யூர்கிஸ் சொல்லித்தான் எழுதுகிறேன். ரொவேனா சொல்லி நீ ஸ்டாக்ஹோமை எழுதியது போல. அவரும் கொஞ்சம் பெரிதாக்கியிருக்கலாம். இருந்தாலும் நம்புகிறேன். நீ ஏன் அப்படி எழுதினாய் என்று இப்போது எனக்குக் கொஞ்சம் புரிகிறது.

திருப்பி வைத்த கடிகாரம் வருகிறேன் என்று அர்த்தமா, மன்னித்துவிடு என்று அர்த்தமா? எப்படிப் பார்த்தாலும் எனக்குத் தெளிவாகவில்லை. ஆனால் அப்பாவிடம் இன்று வீட்டுக்குப் போனதும் சொல்லிவிடப் போகிறேன்: நான் கௌனஸுக்கு வரவில்லை, இர்மா அத்தையோடு இருக்கிறேன். அக்டோபரில் யாராவது எங்கள் நேரத்தோடு வந்து இறங்கினால், வாசலில் ஆள் இருக்க வேண்டும்.

யூர்கிஸ் சாவியை ஆட்டிக்கொண்டு நிற்கிறார். கப்பல் போனதும் இந்தக் கூடத்தைப் பூட்டிவிட வேண்டுமாம். "கண்ணு, கடைசி வரியை எழுதிடு" என்கிறார். வெளியே இன்னும் நல்ல வெயில், அதனால் எழுத்து தெரிகிறது. விளக்குகளை அணைத்துவிட்டார்.

வைவா