எண்ணெய் எடுத்த இரை

மார்ச் 4, 2079, காலை 7.10

சல்லிமுனைத் தீவு ஆய்வு நிலையம். பதிபவர்: ஜெனிட்டா மச்சாது, கடற்பறவை ஆய்வாளர். காற்று மிதம். குடிநீர் இயந்திரம் ஓடுகிறது. செங்கால் ஆலாக்களின் கூடுகளில் குஞ்சுகள் பொரிந்துவிட்டன. உலகத்தில் இந்தப் பறவை முட்டையிடும் இடம் இது ஒன்றுதான்.

இதைக் கண்டெடுப்பவருக்கு ஒரு விளக்கம். ஆலாக்கள் நெத்திலி தின்று வாழ்ந்தவை. சுற்றுக்கடலின் நெத்திலியை ஆழிவளம் நிறுவனத்தின் கப்பல்கள் ஒன்றுவிடாமல் உறிஞ்சிவிட்டன. பரிகாரமாகக் கரையோரம் ஒரு மிதவையை நிறுத்தியிருக்கிறார்கள். விரல் நீளப் பசைமீன்களை அது நாள் முழுவதும் கடலில் விடுகிறது. மெல்லிய தோல், உள்ளே புரதப் பசை, வால் ஆட ஒரு மின்நரம்பு. பெயர் ‘சமுத்திர அமுது’. பெயர் வைத்தவனுக்குச் சம்பளம் உயர்ந்திருக்கும்.

மார்ச் 9, மாலை 5.40

குஞ்சுகளின் இரைப்பை பந்துபோல் இருக்கிறது. எடை மட்டும் ஏறவில்லை. நிறுவனத்துக்குத் தெரிவித்தேன். ஆய்வுப் பிரிவின் இயக்குநர் வித்யாதரனின் பதில், அப்படியே:

“டாக்டர், எடையை ஏன் பாக்குறீங்க? எத்தனை தடவை இரை ஊட்டுதுன்னு பாருங்க. போன வருஷத்தைவிட ரெண்டு மடங்கு! தாய்ப்பறவைங்க மிதவைக்கும் கூட்டுக்கும் பறந்துக்கிட்டே இருக்கு. ரொம்ப நல்ல அறிகுறி.”

பசியில் கதறும் பிள்ளையைப் பார்த்து, நல்ல குரல்வளம் என்று மெச்சுகிற ஆள். ஒரே ஒருமுறை இங்கே வந்தார். பறவை எச்சத்தின் வாடை பிடிக்காமல், மூக்கைப் பொத்தியபடி படகிலிருந்தே ஆய்வை முடித்துக்கொண்டார்.

மார்ச் 13, காலை 11.00

குஞ்சுகள் சாக ஆரம்பித்துவிட்டன. மூன்றை அறுத்துப் பார்த்தேன். இரைப்பை நிறைய வெள்ளைப் பசை. தோலுக்கடியில் கொழுப்பே இல்லை. பசையைச் சோதித்தேன். புரதம் உண்டு, எண்ணெய் துளிகூடக் கிடையாது. நெத்திலியின் எண்ணெய் எங்கே போகிறது என்பதை நிறுவனத்தின் விளம்பரமே சொல்கிறது. மாத்திரையாக அடைத்து, இதயம் பலமாக இருக்க ஆசைப்படும் கனவான்களுக்கு விற்கிறார்கள். மிஞ்சிய சக்கைதான் பறவைக்குத் தானம்.

அறிக்கை அனுப்பினேன். வித்யாதரனின் பதில்: “இதை வெளியில யாருக்கும் காட்டாதீங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

என் நல்லதைப் பற்றி இவருக்குத் திடீரென்று என்ன அக்கறை.

மார்ச் 16, பகல் 2.20

மாதம் ஒருமுறை எனக்குச் சாமான் கொண்டுவரும் படகுக்காரர் கஸ்மீர். அரிசியோடு, தெற்கே எங்கேயாவது கொழுத்த மீன் கிடைத்தால் பனியில் போட்டு எடுத்துவரச் சொல்லியிருந்தேன். இன்று வானொலியில் வந்தார்.

“அக்கா, கேக்குதா? கம்பெனிக்காரனுவ தீவைச் சுத்திப் போட்ட எல்லைக்கோட்டுலயே மறிச்சிட்டானுவ. மீனையும் பறிச்சிட்டானுவ, ஒங்க அரிசியையும் பறிச்சிட்டானுவ. இனி இந்தப் பக்கம் வந்தா படகை எடுத்துருவோம்னு சொல்லுதானுவ. நான் என்னக்கா செய்ய?”

திரும்பிப் போகச் சொன்னேன். அவருக்கு இருப்பது அந்த ஒரு படகு.

அலமாரியில் எண்ணெயில் ஊறிய மத்தி டின்கள் ஒரு வரிசை இருக்கின்றன. என் ரேஷன். ஒன்றைப் பிரித்து, இடுக்கியால் குஞ்சுகளுக்கு ஊட்டினேன். என் விரலையும் சேர்த்துக் கொத்தின. நன்றியில்லாத பிராணிகள். இயக்குநர்களைவிட எவ்வளவோ மேல்.

மார்ச் 25, காலை 8.30

மிஞ்சிய குஞ்சுகளுக்கு எடை ஏறுகிறது. இறகுத் தண்டு கெட்டிப்படுகிறது. என் அரிசி தீர்ந்தது. தூண்டில் போட்டுப் பார்த்தேன். இந்தக் கடலில் தூண்டில் போடுவதும் கழிவறைத் தொட்டியில் போடுவதும் ஒன்று. இன்றிலிருந்து மத்தி முழுவதும் அவற்றுக்கு, சமுத்திர அமுது எனக்கு. வலையால் அள்ளினேன். வாயில் போட்ட பிறகும் வால் ஆடுகிறது. ஊறிய அட்டையின் ருசி.

ஏப்ரல் 3, மாலை 4.15

வயிறு முட்டத் தின்கிறேன். கை கழுவுவதற்குள் பசிக்கிறது. வயிற்றுப்போக்கு. படியேறினால் கண் இருட்டுகிறது. குஞ்சுகளோடு என்னையும் தராசில் நிறுக்கிறேன். அவை ஏறுகின்றன, நான் இறங்குகிறேன். கடைசி டின்னைப் பிரித்து எண்ணெயை மோந்து பார்த்தேன். நக்கவில்லை. இதைப் பெருமையாக எழுதவில்லை. நக்கியிருந்தால் நிறுத்தியிருக்க மாட்டேன்.

ஏப்ரல் 7, காலை 9.50

பறந்துவிட்டன. முதலில் ஒன்று, பிறகு மொத்தமாக. பெரிய பறவைகளும் கிளம்பி, மிதவையைச் சட்டை செய்யாமல் தெற்கே போய்விட்டன. உட்கார்ந்து அழுதேன். பலவீனத்தால்தான்.

கூடுகளுக்கு மேல் நிறுவனம் மாட்டியிருக்கும் கேமரா இதையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. வித்யாதரன்:

“வாழ்த்துகள் டாக்டர்! இது நம்ம வெற்றி. கடலோரப் பள்ளிக்கூடங்கள்ல மதியச் சாப்பாட்டுக்கு சமுத்திர அமுது தர்றதா முடிவாயிருக்கு. இதைத் தின்னுதான் குஞ்சுங்க பறந்துச்சுன்னு ஒரு வரி, உங்க கையெழுத்து. அவ்வளவுதான். உடனே படகு அனுப்பறேன், நல்ல சாப்பாடு, டாக்டர், எல்லாம் தயார்.”

என் பதில்: “இதைத் தின்றது நான். என்னைப் பறக்கச் சொல்லுங்கள்.”

ஏப்ரல் 8, காலை 10.05

கஸ்மீரை வானொலியில் பிடித்தேன். குஞ்சுகளின் எடை, பசைச் சோதனை, என் எடை, என் உடம்பின் கேடு, பள்ளிக்கூடச் சாப்பாட்டுத் திட்டம் எல்லாவற்றையும் வாசித்தேன். மூச்சு வாங்கியதால் நேரமாயிற்று. அவர் பதிவு செய்துகொண்டார்.

“எங்க பிள்ளையளுக்கா இதைப் போடப் போறானுவ? இப்பமே கோயில் மைக்குல ஒங்க குரலைப் போடுதேன். ஊரு மொத்தமும் கேக்கட்டும். நீங்க கண்ணை மூடிராதிய, எப்படியாச்சும் வாறேன்.”

வராதீர்கள் என்று சொல்வதற்குள் வானொலி செத்தது. நிலையத்தின் வானொலி நிறுவனத்துடையது, தொலைவிலிருந்தே முடக்கிவிட்டார்கள்.

ஏப்ரல் 11, காலை. மணி பார்க்கவில்லை

எழுத்து கோணுகிறது. கால் வீங்கியிருக்கிறது. நேற்று எழுதினேனா தெரியவில்லை. பக்கத்தைப் புரட்டத் தெம்பில்லை.

இன்ஜின் சத்தம். கஸ்மீரின் இன்ஜின் இருமும். இது இருமவில்லை. புதுசு. வெள்ளைப் படகு.

ஜன்னலில் தெரிகிறது. முன்னால் ஒருவர் நிற்கிறார். மூக்கைப் பொத்தியிருக்கிறார். கையில் கோப்பு, என் கையெழுத்துக்கு.

ஊர் கேட்டிருக்கும். இல்லையென்றால் இவர் ஏன் வருகிறார். பயந்திருக்கிறார். நல்லது.

எழுந்து நிற்கப் போவதில்லை. முடிந்தாலும் நிற்க மாட்டேன். பேனா அவர் கைக்குப் போகக்கூடாது, கடைசி மை வரை எழுதி

கதவைத் தட்டுகிறார்கள். மரியாதை.

துப்புவதற்கு வாயில் கொஞ்சம் எச்சில் சேர்த்துக்