நான்காம் பக்கத்து நான்கு வரிகள்

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. ஆறு வருடம் உன் நலத்தைக் கேட்காதவன் அந்த வரியை எழுதினால் எனக்கே கூசும். ஆகவே செய்தியிலிருந்து தொடங்குகிறேன். உன் அம்மாவுக்கு வருகிற மாதம் எட்டாம் தேதி வயிற்றில் அறுவை சிகிச்சை. கட்டி என்கிறார்கள். எப்படிப்பட்ட கட்டி என்பது எடுத்துப் பார்த்த பிறகுதான் தெரியுமாம். உன் முகவரியை அக்காவிடம் கேட்டு வாங்கினேன். “திட்டி எழுதறதுக்குன்னா தர மாட்டேன்பா” என்று சொல்லிவிட்டுத்தான் தந்தாள்.

போன திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் பெயர் பதியப் போனோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் படிவத்தை நிரப்பிக்கொண்டே, பிள்ளைகள் எத்தனை என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கும் முன் உன் அம்மா, “ரெண்டு. மூத்தது பொண்ணு, அடுத்தது பையன்” என்று சொல்லி உன் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பாமலேயே அந்தப் பெண்ணிடம், “இவர் ஏதாவது சொல்லுவார். பேப்பர்ல போட்டதெல்லாம் இங்க செல்லாதும்மா” என்றாள். அந்தப் பெண்ணுக்கு எதுவும் விளங்கவில்லை. சிரித்து வைத்தாள்.

உன் சித்தப்பா அந்தக் கட்டட வழக்கில் தண்டனை முடிந்து வெளியே வந்துவிட்டான். அக்கா சொல்லியிருப்பாள். பாதி உடம்பாகிவிட்டான். வீட்டுக்கு வந்து காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, ஆறும்வரை குடிக்காமல் உட்கார்ந்திருந்தான். பிறகு அவனாகவே பேசினான். “அண்ணே, கோர்ட்டுல பையன் ஒரு வார்த்தை கூட்டியும் சொல்லல, குறைச்சும் சொல்லல. கான்கிரீட் இன்னும் இறுகல, கீழ தாங்கற முட்டுக் கம்பப் பிரிக்க வேணாம் சித்தப்பான்னு மூணு தடவ சொன்னான். நாந்தான் பிரிங்கடான்னேன். இடிஞ்சு விழுந்து செத்த ரெண்டு பேரு முகமும் இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது.”

மறுநாள் காலை, உன்னைப் பற்றி நான் அன்று போட்ட அறிவிப்பை எடுத்துவிட, நம் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனேன். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. வாசல் காவலாளி புதியவர். யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு நிறுத்திவைத்தார். என் மேசையில் இப்போது அச்சு இயந்திரத்துக்கான மை டப்பாக்களை அடுக்கியிருக்கிறார்கள்.

முப்பத்து நான்கு வருடம் கோர்ட் செய்தி எழுதியவன் நான். புதிதாக வருகிற நிருபர்கள் எதற்கெடுத்தாலும் ரத்து என்று எழுதிக்கொண்டு வருவார்கள். எல்லா நோய்க்கும் ஒரே மாத்திரையா என்று திட்டுவேன். ரயில் ரத்தாகும், உரிமம் ரத்தாகும். மனு தள்ளுபடியாகும். ஆளைப் பதவியிலிருந்து நீக்குவார்கள். குடியிருந்த வீட்டைக் காலி செய்வார்கள். பத்திரம் செல்லாது என்று நீதிபதி சொன்னால், அதற்கு ஒரு நாளும் உயிர் இருந்ததில்லை என்று பொருள். தான் சொன்னதைத் தானே எடுத்துக்கொள்கிறவனுக்கு உள்ளது வாபஸ் ஒன்றுதான். எனக்கு ஆசை என்னவோ “செல்லாது” மேல்தான். ஆனால் அது நீதிபதியின் வாயிலிருந்து வர வேண்டிய சொல். எனவே வாபஸ் என்று எழுதிக்கொண்டு விளம்பரப் பிரிவுக்குப் போனேன். என் பெயரில் இன்ன தேதியில் நான்காம் பக்கத்தில் வெளியான அறிவிப்பை வாபஸ் பெறுகிறேன். அவ்வளவுதான் எழுதியிருந்தேன்.

விளம்பரப் பிரிவில், அன்று என் அறிவிப்பை வாங்கிக்கொண்ட அதே அம்மாதான் இருக்கிறார், இப்போது தடிமனான கண்ணாடியோடு. படித்துவிட்டு, “சார், இப்படிப் போட முடியாது. பழைய அறிவிப்ப ஒரு எழுத்து விடாம திரும்பப் போட்டு, அதுக்குக் கீழதான் வாபஸ் வரணும்” என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்ததை விரலால் காட்டினார். தட்டச்சு செய்த பழைய தாள். கீழே என் கையெழுத்து. “சட்டம் போட்டவரே இப்படிக் கேட்டா நான் என்ன சார் பண்றது?” என்றார்.

எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. பல வருடங்களுக்கு முன் ஒரு கடைக்காரர், போன மாதம் போட்ட அறிவிப்பு வாபஸ் என்று மொட்டையாகப் போட்டுவிட்டார். போன மாதம் அவர் போட்டிருந்ததோ மூன்று அறிவிப்பு. எது போயிற்று, எது இருக்கிறது என்று ஊரே குழம்பியது. அதன் பிறகு நான்தான் அந்த விதியை எழுதினேன். எதை எடுத்துக்கொள்கிறோம் என்பதைச் சொல்லாமல் எதையும் எடுத்துக்கொள்ள முடியாது என்று அதில் ஒரு வரிகூட இருக்கிறது. நமக்குள் இருக்கட்டும், உங்களுக்காக விட்டுவிடுகிறேன் என்று அந்த அம்மா சொல்லிப் பார்த்தார். எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே, வாபஸ் வர வேண்டுமானால், “என் மகன் எனக்குக் கட்டுப்படாமல் நடந்துவருவதால் இன்றுமுதல் அவருக்கும் எனக்கும் என் குடும்பத்தாருக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை” என்ற வரிகள், உன் முழுப் பெயரோடும் படித்த படிப்போடும், மறுபடி அச்சாக வேண்டும். ஆறு வருடம் முன்பு பார்க்காமல் விட்டவர்கள்கூட இப்போது பார்ப்பார்கள்.

முழுதாக எழுதி வீட்டுக்குக் கொண்டுவந்து உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கட்டிலில் சாய்ந்தபடி கேட்டாள். முடித்ததும், “அவன்கிட்ட கேட்டீங்களா?” என்றாள். இல்லை என்றேன். “போன தடவையும் கேக்காமதான் போட்டீங்க” என்றாள்.

அந்த அறிவிப்பு வந்த காலை உனக்குத் தெரியாது. எனக்கு முன்னால் எழுந்து பத்திரிகையை எடுத்தவள், அந்த நான்கு வரியையும் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டு, மற்றதை மடித்து என் மேசையில் வைத்திருந்தாள். பிரித்தால் நான்காம் பக்கத்தில் ஒரு ஓட்டை. திருப்பினால் மூன்றாம் பக்கத்தில், நான் எழுதிய கோர்ட் செய்தியில், தீர்ப்பு இருந்த இடத்திலும் அதே ஓட்டை. வெட்டிய துண்டை என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

வரைவில் இன்னொரு வரியும் இருந்தது. “தவறான தகவலின்பேரில் வெளியிட்ட மேற்படி அறிவிப்பை” என்று எழுதியிருந்தேன். உன் அம்மா கண்ணை மூடிக்கொண்டு, “யாரு குடுத்த தகவல்?” என்று மட்டும் கேட்டாள். அந்த வரியை அடித்துவிட்டேன். தம்பி, சித்தப்பா வந்து சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது என்று நீ நினைத்துவிடக் கூடாது. நீ கூண்டில் ஏறிச் சாட்சி சொன்ன அன்று நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முப்பது வருடமாகச் சாட்சிகளைப் பார்த்தவன். பொய் சொல்கிறவன் வக்கீல் முகத்தைப் பார்ப்பான். நீ இறந்துபோனவர்களின் மனைவிமாரைப் பார்த்துப் பேசினாய். நீ சொல்வது உண்மை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும், தீர்ப்பு வந்த நாளில் என் கூடப் பிறந்தவன் விலங்கோடு போவதைப் பார்த்துவிட்டு, நேராக அலுவலகம் போய் அந்த நான்கு வரியை எழுதிக் கொடுத்தேன்.

வரைவை விளம்பரப் பிரிவு அம்மாவிடம் கொடுத்துவைத்திருக்கிறேன். உன் பதில் வரும்வரை அச்சுக்குப் போகாது. போடச் சொன்னால் போடுகிறேன். உன் பெயர் மறுபடி அப்படி வர வேண்டாம் என்றால், நான் போட்டது போட்டபடியே என் பெயரில் நிற்கட்டும். எட்டாம் தேதி காலை ஏழு மணிக்கு அம்மாவை உள்ளே கொண்டுபோவார்கள். ஆஸ்பத்திரிப் படிவத்தில் உன் பெயருக்கு நேராகக் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறது. அதில் வேறு யாரும் போடக் கூடாது என்று அவள் சொல்லிவிட்டாள்.

எங்கே இருந்தாலும் உன் உடம்பும் மனமும் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
அந்த அறிவிப்பைக் கொடுத்தவன்

தம்பி, அப்பா எழுதினத படிச்சேன். கீழ அப்பான்னு போடுங்கன்னா, நீ சொல்லாம போட மாட்டாராம். அந்தத் துண்டுப் பேப்பர அன்னைக்கே அடுப்புல போட்டுட்டேன், எங்கிட்ட இல்ல. அவருக்குப் பதில் போடறதும் போடாததும் உன் இஷ்டம். ஏழாம் தேதியே வந்துடு. மறுநாள் காலைல ஏழு மணிக்கு மேல என்னைப் பாக்க விட மாட்டாங்களாம்.
அம்மா