மகளின் காதில் பாங்கு

வெள்ளிக்கிழமை, 14ஆம் திகதி

இன்று மகளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டு வந்தோம். வந்த பிறகு அவளுடைய தூக்கம் கலையக் கூடாதென்று ஒரு கிழமையாக நான் ஆடிய ஆட்டம் கொஞ்சமல்ல. கேற்றுப் பிணைச்சலுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டேன். பக்கத்து வீட்டு ஓட்டோக்காரனிடம் ஹோன் அடிக்க வேண்டாமென்று கெஞ்சினேன். "மச்சான், முதல்ல ஒங்கட கொறட்டைய நிப்பாட்டுங்க" என்றான். நியாயமான கதைதான்.

காலையில் ஆஸ்பத்திரியில் வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டும்போது நேர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சோதித்த மெஷினில் பிள்ளையின் இரண்டு காதும் பதில் காட்டவில்லையாம். ஒரு மாதத்தில் திரும்பவும் பார்க்க வேண்டுமாம்.

உடுப்பு மாற்றிக்கொண்டு வந்த என் மனைவி ரிஸ்னா, "என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"ஊசி போடுற திகதி" என்றேன். பத்தாம் வகுப்போடு நிறுத்தியவனுக்கு அவ்வளவு பொய்தான் வந்தது.

பின்னேரம் குசினியில் மாமி சட்டி மூடியைக் கீழே போட்டுவிட்டார். நான் திடுக்கிட்டு எழும்பினேன். மகள் அசையவில்லை.

"நல்ல புள்ள, மகன். ஒரு சத்தத்துக்கும் முழிக்குதில்ல" என்று மாமி சந்தோஷப்பட்டார். ரிஸ்னாவும் சிரித்தாள்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு பிள்ளையின் காதில் பாங்கு சொல்லச் சொன்னார்கள். பிறந்தவுடனேயே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டதால் அது பாக்கியிருந்தது. வலது காதருகே குனிந்து மெதுவாகத்தான் தொடங்கினேன். போகப்போகச் சத்தம் கூடிவிட்டது.

"மெல்லமா சொல்லுங்க, புள்ள பயந்திரும்" என்றாள் ரிஸ்னா.

பயந்து வீரிட்டு அழட்டும் என்றுதான் இன்னும் சத்தமாகச் சொன்னேன்.