முதுகு காட்டி நின்ற படம்

என் செல்லத் தம்பி குகனுக்கு,

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. இந்த வீட்டில் உன் பெயரைச் சத்தமாகச் சொல்ல முடியாததால் எழுதுகிறேன். அடுத்த அறையில் அம்மா இருக்கிறார். நீ செத்தது அவருக்கு இன்னும் தெரியாது.

ஓம், இன்னும் சொல்லவில்லை. என்னைத் திட்ட வேண்டுமென்றால் திட்டு. முழுவதையும் கேட்டுவிட்டுத் திட்டு.

உன்னோடு ஒரே ரெஸ்டோரன்ட் குசினியில் பன்னிரண்டு வருடம் சமைத்துக்கொண்டு நின்ற யோகன்தான் எனக்குப் போன் எடுத்தான். "அக்கா, குகன் வேலைக்கு வரேல்லை எண்டு ரூமுக்குப் போய்ப் பார்த்தன்..." மாரடைப்பு என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பதினொரு மணிக்கு அம்மாவுக்குப் போன் எடுத்தாயே, நெஞ்சு நோகிறது என்று ஒரு தடவையாவது வாய் திறந்தாயா? அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. செத்தவன் என்பதற்காக உன்னைச் சும்மா விட்டுவிடுவேன் என்று நினைக்காதே.

உன் அத்தான்தான் முதலில் சொன்னார். "மாமிக்கு இப்ப சொல்லவேண்டாம். ரெண்டு ஸ்டென்ட் வைச்ச இதயம், தாங்காது. பிளேனும் ஏறேலாது. ஹொலிடேக்குக் குகனிட்டைப் போறம் எண்டு சொல்லுவம்." எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அழுகையை அடக்கிக்கொண்டு அம்மாவிடம் போய், "அம்மா, நாங்கள் தம்பியைப் பார்க்க ஸ்ட்ராஸ்பூர்க் போறம்" என்றேன்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இருவத்தாறு வருசத்துக்குப் பிறகு இப்பதான் உனக்கு நேரம் கிடைச்சதோ, பிள்ளை?"

வருடா வருடம் நீ கூப்பிட்டாய். "அக்கா, ஒருக்கா வாங்கோ. ஒரு நாள் இருந்தால் காணும், ஊர் முழுக்கக் காட்டுறன்" என்பாய். நாங்கள் கியூபா போனோம். புளோரிடாவுக்கு இரண்டு தரம் போனோம். உனக்கு மட்டும் அடுத்த சமர் லீவுக்கு, அடுத்த சமர் லீவுக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

அன்று அம்மாவுக்கு வந்த உற்சாகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கராஜ் கதவைத் திறக்கச் சொல்லி, அடுப்பை அங்கே வைப்பித்து, கதிரையில் இருந்து இருமி இருமி எனக்கு மிளகாய் வறுக்கச் சொல்லித் தந்தார். உனக்குக் கறித்தூள். இரண்டு பை நிறைய. செத்தவீட்டுக்குப் போகும் பெட்டிக்குள் அதையும் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

செவ்வாய்க்கிழமை உன்னை எரித்தோம். வியாழக்கிழமை எங்களுக்குத் திரும்ப விமானம். நடுவில் ஒரு புதன்கிழமை இருந்தது.

"படம் வேணும்" என்றார் அத்தான். "ஹொலிடே எண்டு வந்திட்டு ஒரு படமும் இல்லாமல் போனால் மாமி விடமாட்டா." அப்படித்தான் உன்னை எரித்த மறுநாள் நாங்கள் ஊர் பார்க்கப் புறப்பட்டோம். நீ சாம்பலாக யோகனின் மேசையில் இருந்தாய்.

யோகன் எங்களுக்கு வழி கேட்கவே விடவில்லை. "அக்கா வந்தால் இப்பிடித்தான் கூட்டிக்கொண்டு போறதெண்டு குகன் ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறான். முதல் அந்தப் பெரிய சேர்ச், பன்ரெண்டரைக்கு அதுக்குள்ளை பொம்மை மணிக்கூடு. பிறகு ஆத்திலை போட்டிலை ஒரு சுத்து." நீ திட்டம் போட்டு வைத்த நாள்தான் அது, தம்பி. நீ மட்டும்தான் அதில் இல்லை.

சேர்ச் வாசலில் நான் தயங்கி நின்றேன். செத்தவீட்டுத் துடக்கோடு இப்படி ஒரு இடத்துக்குள் போகலாமா என்று. "கோயிலுக்குத்தான் போகக்கூடாது. இது சேர்ச், வாரும்" என்றார் அத்தான். இந்த மனிசனிடம் எல்லாவற்றுக்கும் ஒரு சட்டம் இருக்கிறது.

அந்த மணிக்கூட்டில் ஒரு எலும்புக்கூடு மணி அடிக்கிறது. குழந்தை, இளைஞன், நடுவயதுக்காரன், கிழவன் என்று நாலு பொம்மைகள் அதற்கு முன்னால் போகின்றன. சனம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. யோகன் மெதுவாகச் சொன்னான்: "குகனுக்கு உந்தக் கிழவனைத்தான் பிடிக்கும். கடைசியா, அவசரமில்லாமல் ஆறுதலாப் போறார் எண்டு சிரிப்பான்." நீ மூன்றாவது பொம்மையோடு நின்றுவிட்டாய். ஐம்பத்தொரு வயது.

போட்டில் காதில் மாட்டிக் கேட்க எத்தனையோ மொழியில் விளக்கம் கொடுத்தார்கள். நான் ஒன்றையும் மாட்டவில்லை. பழைய மரவீடுகளுக்கு நடுவில் போகும்போது யோகன் தண்ணீர்ப்பக்கம் திறந்திருந்த ஒரு சின்னக் கதவைக் காட்டினான். "உதுதான் எங்கடை குசினி. ஓய்வு கிடைச்சால் குகன் உந்தப் படியிலை வந்து நிப்பான். போட்டிலை போற சனத்துக்குக் கை காட்டுவான்." யார் யாருக்கோ கை காட்டினாயே, பாவி. அந்தப் போட்டில் ஒருநாளும் நாங்கள் வரவில்லையே.

படம் எடுப்பது ஆரணியின் வேலை. உன் மருமகளுக்குப் பத்தொன்பது வயது. அத்தான் "சிரியுங்கோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் கடைசியில் போனைக் கீழே இறக்கினாள். "அம்மா, ஐ காண்ட். மாமாவை நேற்றுத்தானே... ஹவ் கேன் யூ ஸ்மைல்?" நான் அவளை அதட்டினேன். என் பிள்ளை சொன்னது சரி என்று தெரிந்துகொண்டே அதட்டினேன்.

இதுவரை எல்லாப் பழியையும் உன் அத்தான் தலையில் போட்டுவிட்டேன். அடுத்தது என்னுடையது. எல்லாப் படத்திலும் நாங்கள் மட்டும் நின்றால் அம்மா நீ எங்கே என்று கேட்பார் அல்லவா? உன் அறையில் இருந்து எடுத்துவந்த, நீ குளிருக்குப் போடும் நீல ஜாக்கெட் என் பையில் இருந்தது. அதை யோகனிடம் கொடுத்தேன். "தம்பி, உதைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நில்லும். ஒரு படம்தான்."

அவன் என் முகத்தைப் பார்த்தான். போட்டுக்கொண்டு ஆற்றைப் பார்த்தபடி நின்றான். நான் அவன் தோளில் கை வைத்துக் கமராவைப் பார்த்துச் சிரித்தேன். ஜாக்கெட்டில் உன் வாசம் இருந்தது. கைக்குக் கீழே அந்தப் பிள்ளையின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

தூளையும் யோகனிடமே கொடுத்தேன். உன்னை நாங்கள் கொண்டுவந்தோம். ஆற்றிலே கரைக்கவில்லை, காரியம் ஒன்றும் செய்யவில்லை. செய்தால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். அத்தான் வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்றார். அதனால் நீ கராஜில் இருக்கிறாய், குளிருக்குக் கழற்றி வைத்த சமர் டயர்களுக்குப் பின்னால். உனக்கு மிளகாய் வறுத்த இடத்திலிருந்து நாலடி தள்ளி.

அம்மா அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, இவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிக்கிறான்?"

"சும்மா நிண்டவன் அம்மா, ஆத்தைப் பார்த்துக்கொண்டு."

"படம் எனக்குத்தான் எடுக்கிறியள் எண்டு அவனுக்குத் தெரியுமோ?"

"ஓம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? தெரியாது என்று சொல்லியிருக்கலாமே.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. பதினொரு மணிக்கு அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். போன் பழுதாம் என்றேன். வேலை கூடவாம் என்றேன். வேறு ஊருக்கு மாறிவிட்டானாம் என்றேன். "தூள் நல்லமெண்டு சொன்னவனோ?" என்று கேட்டார். நல்லமாம் என்றேன். "அதை எனக்குச் சொல்ல அவனுக்கு வாயில்லையோ?" என்றார். தையோடு போனை மடியில் வைப்பதை நிறுத்திவிட்டார். தன் அறைச் சுவரில் இருந்த உன் படத்தைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டார்.

இந்தப் புதன்கிழமை அம்மாவைப் பார்க்கச் சீனியர்ஸ் கிளப்பில் புதிதாகப் பழகிய ஒரு அன்ரி வந்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோனேன். அந்த அன்ரி கேட்டார், "உங்களுக்கு எத்தினை பிள்ளையள்?"

"ஒண்டுதான்" என்றார் அம்மா. "இவள் மட்டும்தான்."

தட்டை வைத்துவிட்டு நேரே கராஜுக்குப் போனேன். அந்தக் குளிருக்குள், ஸ்வெட்டரும் இல்லாமல், டயருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து வாய்விட்டு அழுதேன். நீ உயிரோடு இருந்தவரை அவருக்கு நல்ல பிள்ளை. அவரைக் காப்பாற்றுகிறோம் என்று உன்னை இரண்டாம் தரம் கொன்றது நாங்கள்.

நேற்று அத்தானிடம் சொல்லிவிட்டேன், இனி மறைக்கமாட்டேன் என்று. "மாமிக்கு ஏதும் நடந்தால் நீர்தான் பொறுப்பு" என்றார். ஓம், நான்தான் பொறுப்பு. நடக்காது என்று நான் யாருக்கும் உறுதி சொல்லவில்லை. எனக்கும் பயம்தான். ஆனால் மகனைப் பறிகொடுத்த தாயாக அவர் அழட்டும், தம்பி. வெறுத்து ஒதுக்கிய மகனை நினைத்துக்கொண்டு அவர் கண்ணை மூடக்கூடாது.

வாற ஞாயிறு பதினொரு மணிக்கு, உன்னுடைய நேரத்தில், அவருக்குப் பக்கத்தில் இருந்து எல்லாம் சொல்வேன். நீல ஜாக்கெட்டையும் சொல்வேன். அந்த முதுகு உன்னுடையது இல்லை என்று சொல்வேன். பிறகு உன்னைக் கராஜிலிருந்து எடுத்து, வெளியால் சுற்றி, முன்வாசலால் கொண்டுவந்து அவர் மடியில் வைப்பேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உன் முகத்தை அம்மாவுக்குக் காட்டாமல் மறைத்தவள்,
உன் ஒரே அக்கா