பதினைந்துக்குப் பூஜ்யம்

கிரிம்ஸ்பி
9 ஜனவரி 2014

அன்புள்ள லொரெய்ன் அக்காவுக்கு,

நான் இருக்கிறேன். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? வார்டில் நோயாளிகளைத் தூக்கித் தூக்கியே நீ ஒரு நாள் படுத்துவிடப் போகிறாய். நீ அனுப்பிய பழக்கேக் வந்து சேர்ந்தது. பாதியைப் பக்கத்து வீட்டு டோரீனுக்குக் கொடுத்தேன். "உங்க அக்காவுக்குச் சர்க்கரை போடுற கை நிக்கவே நிக்காது போல" என்று குறை சொல்லிக்கொண்டே இரண்டாவது துண்டையும் எடுத்துக்கொண்டாள்.

ஈமெயிலுக்கு மாறு என்று மறுபடியும் எழுதியிருக்கிறாய். திரை மினுங்கினாலே எனக்குத் தலைக்குள் என்னவோ செய்கிறது. போனில் எனக்குப் பேச்சு வராது. கடிதத்தைப் பொறுத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். உதவித்தொகை அலுவலகத்தின் பழுப்பு உறை வந்துவிட்டது. மூன்று நாள் பிரிக்காமல் ரொட்டிப் பெட்டியின் மேல் வைத்திருந்தேன். கடைசியில் டோரீன்தான் பிரித்துப் படித்தாள். பிப்ரவரி நான்காம் தேதி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மையத்துக்கு நான் போக வேண்டுமாம். வேலைக்குத் தகுதியானவனா இல்லையா என்று பார்ப்பார்களாம். பதினைந்து புள்ளி கிடைத்தால் உதவித்தொகை தொடரும். கிடைக்காவிட்டால் நிறுத்திவிட்டு வேலை தேடச் சொல்வார்கள்.

வேலை செய்ய எனக்கு மட்டும் ஆசை இல்லையா? படகில் வலைக்கயிறு ஓடும் கப்பிக்கட்டை தலையில் அடித்து இந்த வலிப்பு தொடங்கிய நாள் வரைக்கும் ஒரு நாள் லீவு போட்டவனில்லை நான். ஆனால் இந்த ஊரில் வேலை என்றால் மீன்தான். நெவிலை உனக்குத் தெரியும், என்னோடு படகில் வந்தவன். நுரையீரல் போனவனைத் தகுதியானவன் என்று சொல்லி மீன் அறுக்கும் கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஈரத் தரை, முழ நீளக் கத்தி, இரண்டு பக்கமும் தோளோடு தோளாக ஆட்கள். எனக்கு வலிப்பு வருவது எனக்கே முன்கூட்டித் தெரியாது. கத்தியோடு யார் மேல் விழுவேனோ.

நீ நர்ஸ். அங்கே என்ன கேட்பார்கள் என்று விசாரித்து எழுது.

உன் தம்பி,
ராய்ஸ்டன்


டான்காஸ்டர்
15 ஜனவரி 2014

அன்புத் தம்பி ராய்ஸ்டனுக்கு,

பயப்படாதே என்று எழுத வந்தேன், அடித்துவிட்டேன். கொஞ்சம் பயப்படு. நான் சொல்கிறபடி செய்.

அன்றைக்குச் சவரம் செய்யாதே. கோட்டும் டையும் வேண்டாம். வீட்டில் எப்படி இருப்பாயோ அப்படியே போ. நீ அறைக்குள் போன பிறகுதான் பரிசோதனை தொடங்கும் என்று நினைக்காதே. பெயரைக் கூப்பிட்டதும் நாற்காலியிலிருந்து எப்படி எழுந்தாய், எவ்வளவு வேகமாக நடந்தாய், பையை எந்தக் கையில் தூக்கினாய், எல்லாம் கணக்கு. டி.வி. பார்ப்பீர்களா என்று அன்பாகக் கேட்பார்கள். பார்ப்பேன் என்றால் அரைமணி நேரம் அசையாமல் உட்கார முடியும் என்று எழுதிக்கொள்வார்கள். பூனை இருக்கிறதா என்று கேட்டால் குனிந்து தட்டு வைக்க முடிகிறதா என்று அர்த்தம். எப்படி இருக்கீங்க என்றால், தயவு செய்து, வழக்கம்போல் "குறை ஒண்ணுமில்ல" என்று சொல்லித் தொலைக்காதே.

முக்கியமான விஷயம், டோரீனை உள்ளே கூட்டிக்கொண்டு போ. உனக்கு வலிப்பு வரும்போது நீ அங்கே இல்லை. பார்த்தவள் அவள்தான். வாரத்துக்கு ஒரு முறையாவது நினைவு தப்புகிறது என்று தெரிந்தால் அது ஒன்றுக்கே பதினைந்து புள்ளி. மாதத்துக்கு ஒன்றிரண்டு என்றால் போதாது.

எப்படித் தெரியும் என்று கேட்காதே. பழைய சிநேகிதி ஒருத்தி சொன்னாள். வார்டில் எல்லாம் வழக்கம்போல.

அன்பு அக்கா,
லொரெய்ன்


கிரிம்ஸ்பி
5 பிப்ரவரி 2014

அன்புள்ள அக்காவுக்கு,

போய்விட்டு வந்துவிட்டேன். நீ திட்டப் போகிறாய்.

சவரம் செய்தேன். கோட்டும் போட்டேன். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் செய்தேன். அரசாங்க விஷயமாக ஓரிடத்துக்குப் பிச்சைக்காரன் மாதிரி போய் நிற்க எனக்கு உடம்பு கூசுகிறது. ஷூவுக்குப் பாலிஷ் வேறு போட்டேன். "கல்யாணத்துக்கா போற? யாருய்யா பொண்ணு?" என்று பஸ் முழுக்க டோரீன் கிண்டல்.

உள்ளே இருந்த அம்மாள் நல்லவள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. சிடுசிடுத்திருந்தால் நானும் ஜாக்கிரதையாக இருந்திருப்பேன்.

"வாங்க. பஸ்ல கூட்டமா? எப்படி இருக்கீங்க?" என்றாள்.

"ஏதோ ஓடுதும்மா. குறை சொல்ல ஒண்ணுமில்ல" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது, அக்கா. ஐம்பத்திரண்டு வருடமாக யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். முன்பின் தெரியாத பெண்ணிடம் வேறு என்ன சொல்ல?

அவள் பேனா கீழே விழுந்தது. நான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன். பக்கத்தில் ஒரு பெண்ணின் பேனா விழுந்தால் எடுத்துக் கொடுக்காமல் எப்படி இருப்பது?

பெரிய தப்பு இன்னொன்று. டோரீனை வெளியிலேயே உட்காரச் சொல்லிவிட்டேன். வலிப்பு வந்தால் எனக்குக் கால்சட்டை நனைந்துவிடும். அது அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவள் எதிரில் அதைக் கேட்டுவிட்டால் நான் செத்தேன் என்று தோன்றியது. கடைசியில் அந்த அம்மாளிடமும் அதைச் சொல்லவில்லை.

"மாசத்துக்கு எத்தனை தடவை வருது?"

"ஒண்ணு ரெண்டு இருக்கும்."

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்கல்ல?"

"சாப்பிடுறேம்மா."

"நல்லது" என்று கம்ப்யூட்டரில் தட்டினாள். எல்லாம் இருபத்தைந்து நிமிடம். வெளியே வந்ததும் டோரீன், "சொன்னியா எல்லாத்தையும்?" என்றாள். சொன்னேன் என்றேன்.

இன்னும் தபால் வரவில்லை. காலையில் தபால்காரர் வாசல் துவாரத்தைத் திறக்கும் சத்தம் கேட்டாலே மாடிக்குப் போய்விடுகிறேன்.

ராய்ஸ்டன்


கிரிம்ஸ்பி
3 மார்ச் 2014

அக்கா,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கோபமா, உடம்பு சரியில்லையா?

பதினைந்துக்குப் பூஜ்யம். ஒரு புள்ளிகூட இல்லை.

அறிக்கையின் நகலை வாங்கினோம். இதோடு இன்னொரு நகல் வைத்திருக்கிறேன். டோரீன் சமையலறையில் நின்றபடி வாசித்தாள். "நன்றாக உடுத்தியிருந்தார். கண்ணைப் பார்த்துப் பேசினார். நாற்காலியிலிருந்து உதவியின்றி எழுந்தார். தரையிலிருந்து பொருளை எடுக்கச் சிரமப்படவில்லை. வலிப்பு மாத்திரையால் கட்டுப்பாட்டில் உள்ளதாகத் தெரிகிறது." தாளை மேஜையில் வைத்துவிட்டு, "இது யாரைப் பத்தி எழுதியிருக்கு ராய்?" என்று கேட்டாள்.

உதவித்தொகை நின்றுவிட்டது. மறுபரிசீலனைக்கு எழுதிப் போட்டிருக்கிறோம். அதற்குப் பதில் வரும்வரை வேலை தேடுகிறவன் என்று இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அந்த அலுவலகத்துப் பையன் நெவில் இருக்கிற அதே கூடத்துக்கு மனுப்போடச் சொல்கிறான். போடாவிட்டால் கையெழுத்துக்கான காசும் கிடைக்காது. "எனக்கு வலிப்பு தம்பி, அங்க கத்தி" என்றேன். "தகுதின்னுதான் சார் ஸ்க்ரீன்ல வருது" என்றான்.

வியாழக்கிழமை மாடிப்படியில் விழுந்தேன். எழுந்தபோது வாயெல்லாம் ரத்தம். எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. வேறு யாரிடமும் இதைச் சொல்ல முடியவில்லை.

ராய்ஸ்டன்


டான்காஸ்டர்
12 மார்ச் 2014

ராய்ஸ்டனுக்கு,

நீ அனுப்பிய நகலைப் படித்தேன். அந்த வாக்கியங்களை எனக்கு மனப்பாடமாகத் தெரியும். நானே நூறு தடவை போட்டிருக்கிறேன்.

நான் வார்டை விட்டு மூன்று வருடம் ஆகிறது. முதுகு போய்விட்டது. உட்கார்ந்து பார்க்கிற வேலை, நர்ஸ் படிப்பு போதும் என்றார்கள், சேர்ந்தேன். அரசாங்கத்துக்காக உன்னைச் சோதித்த அதே கம்பெனிதான். ஊர் மட்டும் வேறு. உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. பழைய சிநேகிதி என்று யாரும் இல்லை, ராய்.

ஒரு நாளைக்கு ஆறு பேர். கம்ப்யூட்டரில் ஒரு கேள்விக்குப் பதிலைத் தொட்டால் வாக்கியம் தானாக வந்து விழும். விழுந்ததை மாற்றி எழுதலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் மாற்றினால் நேரம் ஆகும், ஆறு பேர் நாலு பேராகிவிடும். நிறையப் பேருக்குப் புள்ளி கொடுத்தால் "வாங்க, கொஞ்சம் பேசலாம்" என்று மேலாளர் கூப்பிடுவார். ஒரு தடவை கூப்பிட்டார். அதற்குப் பிறகு கூப்பிடும்படி நான் வைத்துக்கொள்ளவில்லை. எனக்கும் வீட்டுக் கடன் இருக்கிறது, எனக்கும் பயம்.

பிப்ரவரி முழுக்க எழுதாமல் இருந்ததற்குக் காரணம், நீ கோட்டு போட்டுக்கொண்டு போனதைப் படித்ததுமே முடிவு எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லத் தைரியம் வரவில்லை.

மறுபரிசீலனையில் ஒன்றும் மாறாது. தீர்ப்பாயத்துக்குப் போ. அங்கே ஒரு நீதிபதியும் ஒரு டாக்டரும் இருப்பார்கள், அவர்கள் ஆளைப் பார்ப்பார்கள். டோரீனிடம் கேட்டு வலிப்பு வந்த தேதிகள் எல்லாவற்றையும் எழுதி வாங்கு. வெட்கப்படாதே.

லொரெய்ன்


கிரிம்ஸ்பி
28 ஏப்ரல் 2014

லொரெய்னுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத ஆறு வாரம் ஆயிற்று. முதலில் கிழித்துப்போட நினைத்தேன்.

மறுபரிசீலனை, நீ சொன்னபடியே, அதே பூஜ்யம். ஜூன் 19-ம் தேதி தீர்ப்பாயம். மீன் கூடத்துக்கு மனுப் போட்டிருக்கிறேன். கூப்பிடக் கூடாது என்று கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். வேலை கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்ளும் நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

டோரீனிடம் தேதிகளைக் கேட்டேன். தன் சமையலறைச் சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றிக் கொண்டுவந்தாள். எங்கள் வரிசை வீடுகளுக்கு நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தானே. நான் விழும் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருக்கிறாள். எட்டு மாதத்தில் நாற்பத்தொன்று. எனக்குத் தெரிந்தது பதினான்குதான். "துணியைத் துவைச்சுக் கொடியில போடுறது கூட எனக்குத் தெரியும்யா. உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் வாயைத் திறக்கல" என்றாள். நான் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டேன்.

உன்னிடம் ஒரே ஒரு கேள்வி. நான் உன் தம்பி இல்லை என்று வைத்துக்கொள். கோட்டு போட்ட ஒருவன், குறை ஒண்ணுமில்லை என்கிறான், உன் பேனாவை எடுத்துக் கொடுக்கிறான், துணைக்கு வந்தவளை வெளியில் விட்டுவிட்டான். அன்றைக்கு நான்காவது ஆள். நீ என்ன போட்டிருப்பாய்?

மழுப்பாமல் எழுது. மழுப்பினால் இனிமேல் எழுத வேண்டாம்.

ராய்ஸ்டன்


டான்காஸ்டர்
4 மே 2014

ராய்,

பூஜ்யம்தான் போட்டிருப்பேன்.

மூன்று நாள் யோசித்துப் பார்த்தேன். எங்காவது ஒரு கேள்வியில் நின்று, வெளியில் இருக்கிறவரைக் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருப்பேனா என்று. சொல்லியிருக்க மாட்டேன். ஒரு தடவைகூட நான் அப்படிச் சொன்னதில்லை. போன நவம்பரில் ஒருவர் டை கட்டிக்கொண்டு வந்தார். நான் இருமியதும் தன் பையிலிருந்து மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். நல்ல மனிதர், ஒழுங்காக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேதான் பூஜ்யம் போட்டேன். அவருக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. பெயரும் நினைவில்லை.

19-ம் தேதி நான் வருகிறேன். அந்த வாக்கியங்கள் எப்படி வந்து விழுகின்றன என்று அவர்கள் முன்னால் சொல்கிறேன். அதோடு என் வேலை போய்விடும், போகட்டும். உனக்கு இஷ்டம் இல்லையென்றால் ஒரு வரி எழுது, வரமாட்டேன்.

சாட்சி சொல்ல வருகிறவரிடம் அவர்கள் முதலில் கேட்பது, "நீங்க இவருக்கு என்ன வேணும்?" என்பதுதான். நான் என்ன சொல்லட்டும்?

லொரெய்ன்


கிரிம்ஸ்பி
30 ஜூன் 2014

லொரெய்ன் அக்காவுக்கு,

அன்றைக்குக் காலையில் நீ தீர்ப்பாய வாசலில் நின்றபோது உன்னோடு பேசவில்லை. பேசியிருந்தால் உள்ளே போய் என்னால் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. கால்சட்டை நனைவது வரைக்கும், நீயும் டோரீனும் பின்னால் உட்கார்ந்திருக்க, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்த டாக்டர் காலண்டரைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பெருக்கல் குறிகளை எண்ணினார்.

உன்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். நான் பதில் எழுதாமல் விட்டிருந்தேன், தெரியும். நீ, "அக்கா" என்றாய். அப்புறம், "இவர் என்கிட்ட வந்திருந்தா நானும் பூஜ்யம்தான் போட்டிருப்பேன்" என்றாய்.

தீர்ப்பு இன்று தபாலில் வந்தது. பதினைந்து புள்ளி. உதவித்தொகை பிப்ரவரியிலிருந்தே திரும்ப வரும். மீன் கூடத்துக்குப் போக வேண்டாம். டோரீன் அழுதாள், அப்புறம் "டீ போடுய்யா, பாத்துட்டு நிக்கிறான்" என்று திட்டினாள்.

உன் வேலை போய்விட்டது என்று எழுதியிருந்தாய். வருத்தமாகத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா என்றும் கேட்டிருந்தாய். வேண்டாம், அக்கா. எனக்காக நீ வந்து நின்றதை நான் மறக்க மாட்டேன். ஆனால் பூஜ்யம் வாங்கியவன் உன் தம்பி என்பதால்தானே நின்றாய். மிட்டாய் கொடுத்த அந்த மனிதரை நினைக்காமல் உன் முகத்தைப் பார்க்க இப்போது என்னால் முடியவில்லை.

தீர்ப்பின் கடைசி வரியில், இது பதினெட்டு மாதத்துக்குத்தான், பிறகு மறுபடியும் கூப்பிட்டுப் பார்ப்பார்கள் என்று போட்டிருக்கிறது. படித்த உடனே பழைய பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. உன் விஷயத்திலும் நான் இப்போது முடிவாக ஒன்றும் எழுதிவிடவில்லை. பதினெட்டு மாதம் போகட்டும். பார்க்கிறேன்.

ராய்ஸ்டன்